தண்ணி மேல என்ன இருக்கு?

ஜூனில் ஒரு வாரம் எப்போது முடியும் என்று வெர்னா நாள் எண்ணுவாள். ஊர் முழுக்கக் கொண்டாடுகிற வாரம் அது. ஷெல்லர் ஓடையில் பச்சை ட்ரேக் பூச்சி கிளம்பிவிட்டது என்று ஒரு பேச்சு எழுந்தால் போதும், பிட்ஸ்பர்க்கிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து இறங்கிவிடுவார்கள். ஓடைக்கரை நெடுகக் கார்கள் நிற்கும். தீயணைப்புக் கூடத்தில் கோழியும் சோளமும் போட்ட சூப்பைக் குண்டான் குண்டானாகக் காய்ச்சி விற்பார்கள். எல்லாம் எதற்கு? விரல் நீளம்கூட இல்லாத ஒரு மேப்பூச்சிக்கு. அது தண்ணீரைவிட்டு எழும்பும்போது ட்ரவுட் மீன்களுக்குக் கிறுக்குப் பிடிக்கிறது, அதைப் பார்த்து ஆம்பிளைகளுக்கும் கிறுக்குப் பிடிக்கிறது, வேறொன்றும் இல்லை என்பாள் வெர்னா.

அவள் கணவன் லமார் ஹாஸ்டர்மனுக்கு அந்தக் கிறுக்கு ஏப்ரலில் ஏறினால் ஆகஸ்ட் வரை இறங்காது.

வெர்னாவுக்குத் தூண்டிலில் எந்த ஆசையும் இருந்ததில்லை. ட்ரவுட்டைத் தின்னக்கூட மாட்டாள். விடியுமுன் எழுந்து பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போய், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மதியச் சாப்பாடு ஆக்கிப் போட்டு, அண்டா குண்டான் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இடுப்பு இரண்டாகக் கழன்றுவிடும் போலிருக்கும். காலை நீட்டிப் படுத்து டிவியில் எவனாவது எதையாவது உளறுவதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போக வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். அது கடைசியாக நிறைவேறி நாலு வருஷம் ஆகிறது.

லமார் வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவன். ஒருநாள் சாலையோரப் பலகையின் நடு எழுத்துகள் மட்டும் காணாமல்போயின. இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு கறை, அது வளரும், குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓரக்கண்ணுக்கு மரம் தெரியும், வேலி தெரியும், ஆள் நடமாடுவது தெரியும். நேராகப் பார்த்தால் வெறும் சாம்பல். பெண்டாட்டி முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவள் காதுக்கு அப்பால் எங்கேயோ பார்க்க வேண்டும். பஸ் சாவியைக் கொடுத்தான். சொந்த வண்டிச் சாவியையும் கொடுத்தான். தூண்டில் கம்பை மட்டும் கொடுக்கவில்லை.

"என்ன பூச்சின்னு நீ பாத்துச் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்," என்றான்.

ஒரு வாரம், பத்து நாள் கூத்து என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டாள். பாவி மனுஷி.

ஏனென்றால் மிச்சம் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் அவள் தலையில்தான். வண்டி ஓட்டுவது அவள். நெஞ்சு வரைக்கும் வருகிற ரப்பர் கால்சட்டையை அவனுக்கு இழுத்து மாட்டுவது அவள். கொக்கிமேல் இறகும் நூலும் சுற்றிய போலிப்பூச்சியின் காதில் நூலைக் கோத்து முடிச்சுப் போடுவது அவள். வழுக்குப் பாறையில் அவன் முழங்கையைப் பிடித்து இறக்கி, நீரோட்டத்தில் அவன் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்பதும் அவள்தான். மீன் எந்தத் திக்கில் எழும்புகிறது என்று கடிகாரக் கணக்கில் சொல்லவேண்டும். நேர் எதிரே பன்னிரண்டு, கொஞ்சம் இடது பக்கம் பதினொன்று. எவ்வளவு தூரம் என்பதற்குக் கம்புதான் அளவு. மூன்று கம்பு, நான்கு கம்பு.

இதற்கெல்லாம் முன்னால் அந்தக் கேள்வி வரும்.

"தண்ணி மேல என்ன இருக்கு?"

முதல் தடவை அவள் குனிந்து பார்த்துவிட்டு, "பழுப்பா என்னமோ மெதக்குது," என்றாள்.

"பழுப்புன்னா எந்தப் பழுப்பு? இந்த ஓடையில பழுப்புப் பூச்சி நம்மூர் லூத்தரன் சர்ச்சுக்காரங்க மாதிரி. பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். ஆனா ஒரு சபைக்காரன் வெச்ச சாப்பாட்ட இன்னொரு சபைக்காரன் தொடமாட்டான். மீனும் அப்படித்தான். றெக்க நிமிந்து நிக்குதா, விரிஞ்சு கெடக்குதா? வாலு ரெண்டா, மூணா?"

"கிட்டப் போய் அதுகிட்டயே கேக்கட்டுமா?"

"கேளேன். பதில் சொன்னா என்கிட்டயும் சொல்லு."

ஆசையில்லாவிட்டாலும் தினம் பார்த்தால் தெரியாமல் போகுமா? தொப்பியால் தண்ணீரை அள்ளி, அதில் சிக்கியதை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் பிடிபட்டுவிட்டது. மேப்பூச்சி அடித்தண்ணீரிலிருந்து மேலே வந்ததும் சிறகைப் பாய்மரம்போல நிமிர்த்திக்கொண்டு கொஞ்ச தூரம் மிதக்கும். அப்புறம் பறந்துபோய் மரத்தில் ஒட்டிக்கொண்டு, பாம்பு மாதிரி இன்னொரு தரம் சட்டை உரிக்கும். உரித்தபின் சிறகு கண்ணாடிபோலாகிவிடும். சாயங்காலம் கூட்டமாக ஆடி, முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, சிறகை இரண்டு பக்கமும் விரித்தபடி விழுந்து சாகும். நிமிர்ந்த சிறகுக்காரனை மீன் துரத்தி விழுங்கும், விட்டால் பறந்துவிடுமே. விரிந்து கிடப்பது எங்கே ஓடப்போகிறது? அதற்கு வாயைத் திறந்தால் போதும்.

"றெக்க மொளச்சதுக்கப்புறம் அதுக்கு வாயே கெடையாது, தெரியுமா?" என்றான் லமார் ஒருநாள். "சாப்பாடே இல்லாமத்தான் சாகுது."

"குடுத்து வெச்ச ஜென்மம். அதுங்க பிள்ளைங்களுக்கு யாரும் விடியக்காலம் எந்திரிச்சு ஆக்கிப்போட வேண்டாம்."

லமார் சிரித்தான். அவள் பாதி நிஜமாகத்தான் சொன்னாள் என்பது அவனுக்குத் தெரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அலுத்துவிட்டது என்று அவள் ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் பிரசங்கத்தின் நடுவே தலை தொங்கிப்போகும். பள்ளியில் உருளைக்கிழங்கில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் அவன் சண்டை போடுவான் என்றால் சொல்லியிருப்பாள். சண்டைக்கு அவள் பயந்தவள் அல்ல. லமார் சண்டை போடமாட்டான், அதுதான் தொல்லை. "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லி, கம்பைச் சுவரில் மாட்டிவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் சாகிறவரை அங்கேயே உட்கார்ந்திருப்பான். அந்தப் பழியை யார் சுமப்பது?

போன வாரம் அவன் மடுவில் கால் வைத்துவிட்டான். வெள்ளத்தில் சரளை அரித்துப்போய்ப் புதிதாக விழுந்த பள்ளம், அவளுக்கும் தெரியவில்லை. ஒரே அடியில் கழுத்துவரை போய்விட்டான். அவள் பெல்ட்டை விடவில்லை. விடாததால் அவளும் கூடவே போனாள். எப்படி இழுத்தாள், எதைப் பிடித்துக் கரையேறினாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. கரையில் கிடந்து இருமிக்கொண்டே அவன் கேட்டது, "கம்பு இருக்கா?"

மறுநாள் காலை, தட்டில் முட்டையை ஓரக்கண்ணால் தேடிக்கொண்டே லமார் பேச்சை எடுத்தான்.

"அந்தச் சிக்கமோர் வேரடியில ஒருத்தர் இருக்காரே, மூப்பர்."

மூப்பர் என்பது ஒரு மீன். கீழ் மடுவில், ஓடைக்குள் கால் நீட்டிக் கிடக்கும் சிக்கமோர் மரத்து வேருக்கடியில் நெடுநாளாகக் குடியிருக்கும் பெரிய ட்ரவுட். பேர் வைத்தது லமார்தான். அவசரப்படமாட்டார், வெள்ளமே வந்தாலும் இடத்தைவிட்டு அசையமாட்டார், வாய்க்கு நேரே வருவதை மட்டும் சாப்பிடுவார், வேறென்ன பேர் வைப்பது என்பான்.

"அவருக்கு என்ன இப்ப?"

"இந்த ட்ரேக் முடியறதுக்குள்ள அவர் என் கைக்கு வந்துட்டார்னா, எனக்கு இன்னும் பத்து வருஷத்துக்குத் தெம்பு இருக்குன்னு அர்த்தம். வரலன்னா விட்டுடறேன். கம்ப கிளென்கிட்ட குடுத்துடலாம். அவனும் இந்த ஓடையே கதின்னு கெடக்கறவன்தானே."

வெர்னா அடுப்பில் எதையோ புரட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. விட்டுடறேன் என்று அவனே சொல்லிவிட்டான். அவள் கேட்கவில்லை, மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை, அவனாகவே சொல்லிவிட்டான். பழி மீன்மேல். கடவுளே, அந்த மூப்பர் வரவே கூடாது என்று அவள் மனசு வேண்டிக்கொண்டது. வேண்டிய கையோடு அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டுதலை வாபஸ் வாங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க மூப்பர் அவள் பக்கமே இருந்தார். ஒருநாள் எழும்பவே இல்லை. ஒருநாள் பிலடெல்பியாக்காரன் ஒருவன் மடுவுக்குள் எருமை மாதிரி இறங்கிக் கலக்கிவிட்டுப் போனான். ஒருநாள் மழை. கடைசியாக ட்ரேக் குறைந்துபோய், வெளியூர்க் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்ட அந்தச் சாயங்காலம் வந்தது.

பாலத்தில் வண்டியை நிறுத்தியபோது கிளென் ஸெர்பி தன் வண்டியின் பின்பலகையை இறக்கிவிட்டு அதில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான். லமாரோடு ஒரே வகுப்பில் படித்தவன், ஒரே ஓடையில் அறுபது வயதைத் தாண்டியவன்.

"இன்னிக்கோட சரி லமாரு," என்றான். "நாளைக்கு ஓடையில ட்ரேக்கும் இருக்காது, பிட்ஸ்பர்க்காரனும் இருக்கமாட்டான். ரெண்டும் ஒண்ணாத்தான் வரும், ஒண்ணாத்தான் போகும்."

வெர்னா பாலத்துக் கைப்பிடியில் இருந்த சிலந்தி வலையைப் பார்த்தாள். இங்கே ஓடையில் இறங்குகிற யாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். முந்தின நாள் எது பறந்தது என்பதற்குச் சிலந்தியைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? மூன்று நாலு ட்ரேக் பெரிதாகச் சிக்கிக் கிடந்தன. அவற்றைச் சுற்றி, துருப்பிடித்த ஆணியைச் சுரண்டித் தூவியதுபோலப் பொடிப்பொடியாக ஏதோ அப்பியிருந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிளென் அவள் நடையைப் பார்த்தான். வலது காலை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வெர்னா, இன்னிக்கு நான் இவன இழுத்துட்டுப் போறேன். நீ வண்டியில கால நீட்டிப் படு."

அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "அப்படியா" என்று சொல்ல வாயைத் திறந்தாள். லமார் முந்திக்கொண்டான்.

"உன்ன நம்பியா வரச் சொல்ற? போன வருஷம் மேல் மடுவுல ஒண்ணுமே இல்லன்னு சொல்லி என்னை அனுப்பிட்டு, நீ அங்கயே நின்னு சாயங்காலம் பூரா மீன் புடிச்சவன்தானடா நீ?"

"அது வேற பூச்சிடா."

"அது வேற பொய். வெர்னாவுக்குப் பொய் சொல்ல வராது. கண்ணு தெரியாதவன் தண்ணிக்குள்ள எறங்கினா கூட ஒரு நெஜம் வேணும்."

கிளென் வெடித்துச் சிரித்தான். வெர்னா தூண்டில் கம்பை உறையிலிருந்து உருவினாள்.

கீழ் மடுவுக்கு இறங்கும்போது வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. வெளிச்சம் மட்டும் தண்ணீரில் மிச்சம் இருந்தது. மேலே, கண்ணுக்கெட்டாத தூரத்தில் யாரோ ஒருவன் மீன் மாட்டிய சந்தோஷத்தில் கத்தினான். மடுவின் தலைப்பக்கம் குட்டி ட்ரவுட்டுகள் ட்ரேக்கைத் துரத்திக் குதித்துத் தண்ணீரைச் சளப்சளப் என்று அடித்துக்கொண்டிருந்தன. வெர்னா லமாரின் முழங்கையைப் பிடித்து இறக்கினாள். குளிர் ரப்பரைத் தாண்டி இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்தது. அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சிக்கமோர் வேரடியைப் பார்த்தாள்.

மூப்பர் வீட்டில்தான் இருந்தார்.

வேருக்கு முன்னால், கறுத்த தண்ணீரில் ஒரு வட்டம் விழுந்தது. மழைத்துளி விழுந்தால் வருகிற அளவுக்குச் சின்ன வட்டம். ஒரு பச்சை ட்ரேக், சிறகை நிமிர்த்திக்கொண்டு, ஜம்மென்று அவர் மூக்குக்கு நேரே மிதந்து வந்தது. மூப்பர் அதைத் தொடவில்லை. அது போனபின் மறுபடி ஒரு சின்ன வட்டம். இன்னொரு ட்ரேக் வந்தது, அதையும் விட்டார். மறுபடி சின்ன வட்டம்.

வெர்னா தொப்பியைக் கழற்றித் தண்ணீரை அள்ளினாள். உள்ளே பொடிப்பொடியாகத் துரு நிறம். கண்ணாடிச் சிறகு இரண்டு பக்கமும் விரிந்து கிடக்க, மூன்று மூன்று வால். சட்டை உரித்த சல்ஃபர், ட்ரேக்கைவிடப் பொடியான இன்னொரு மேப்பூச்சி. தண்ணீர் முழுக்கப் பாய் விரித்த மாதிரி அதுதான் கிடந்தது. பெரிய ட்ரேக் கண்ணை மறைத்துவிடுவதால் கரையில் இருப்பவனுக்கு அது தெரியாது. ஒரு வாரமாக அத்தனை பிட்ஸ்பர்க்காரனும் ட்ரேக்கை வீசி வீசி மூப்பரிடம் தோற்றது இதனால்தான். பார்க்கத் தெரிந்தவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தண்ணி மேல என்ன இருக்கு?" என்றான் லமார்.

போலிப்பூச்சிப் பெட்டி அவள் சட்டைப் பையில் இருந்தது. இரண்டாவது வரிசையில் பதினாறாம் நம்பர் கொக்கியில் கட்டிய துரு நிறப் பூச்சி இருக்கிறது. அதைக் கட்டிக் கொடுத்தால் மூப்பர் வந்துவிடுவார். லமாரின் கை அப்படிப்பட்ட கை, கண்தான் போயிற்று. மூப்பர் வந்தால் பத்து வருஷம். பத்து வருஷம் இந்தப் பாறை, இந்தக் குளிர், இந்த பெல்ட். அவளுக்கு எழுபது தாண்டிவிடும். எங்கே எந்தப் பள்ளம் இருக்கிறதோ.

"ட்ரேக்," என்றாள்.

"ட்ரேக்கா?"

"ட்ரேக்தான்."

"மூப்பர் அதத்தான் திங்கறாரா?"

"அதத்தான்."

லமார் தலையைச் சாய்த்து, ஒரு காதைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "சரி, கட்டு," என்றான்.

கட்டினாள். முடிச்சு இரண்டு தரம் நழுவியது. குளிர் என்று சொல்லிக்கொண்டாள். "பதினொரு மணி. மூணரக் கம்பு," என்றாள். திக்கிலும் தூரத்திலும் அவளால் பொய் சொல்ல முடியவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது.

லமார் வீசினான். சும்மா சொல்லக்கூடாது, அவன் வீசுவதைப் பார்த்தால் கண் தெரியாதவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நூல் தலைக்குமேல் ஒரு தரம் போய், ஒரு தரம் வந்து, விரிந்து, பூச்சி பஞ்சு விழுகிற மாதிரி வேருக்கு முன்னால் தண்ணீரில் போய் உட்கார்ந்தது. மிதந்து வந்தது. மூப்பர் கீழேயிருந்து எழும்பினார். வெர்னா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் மூக்கைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே பின்வாங்கிக் கீழே போய்விட்டார்.

"வந்தாரா?"

"வந்து பாத்துட்டுப் போயிட்டாரு."

அடுத்த வீச்சுக்கு அவர் எழும்பக்கூட இல்லை. அதற்கடுத்த வீச்சில் பூச்சி அவரைத் தாண்டவும், பக்கத்திலேயே இன்னொரு சின்ன வட்டம் விழுந்தது. நையாண்டி செய்கிற மாதிரி இருந்தது.

லமார் கம்பைத் தாழ்த்தினான். "பூச்சிய மாத்திப் பாக்கலாமா?"

"எதுக்கு? ட்ரேக்தானே மெதக்குது."

"இன்னொரு தடவ அள்ளிப் பாரேன்."

அள்ளினாள். தொப்பி நிறையத் துரு. "ட்ரேக்தான், லமார்," என்றாள். முதல் பொய்யைவிட இது லேசாக வந்தது. அப்படி வந்ததுதான் அவளைக் குத்தியது.

வேரடியில் வட்டம் விழுந்துகொண்டே இருந்தது. லமார் நூலைச் சுற்ற ஆரம்பித்தான்.

"போதும்."

"இன்னும் வெளிச்சம் இருக்கே," என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. அவளுக்கே ஆச்சரியம்.

"போதும் வெர்னா. காலு மரத்துப்போச்சு. உனக்கும்தான்."

கரையேறி வண்டிக்கு வந்து, ரப்பர் கால்சட்டையை உருவி, கம்பை உறையில் போட்டாள். கம்பு இனி கிளெனுக்கு. நாளை சாயங்காலம் படுக்கலாம். நாளன்றைக்கும் படுக்கலாம். நினைக்கும்போது மனசு துள்ளிக் குதிக்க வேண்டாமா? களைப்புத்தான் இன்னும் கூடியிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி பாலத்தில், மடுவுக்கு நேர் மேலே நின்றது, ஜன்னல் திறந்திருந்தது.

"சல்ஃபர் நெறைய விழுந்துச்சு போல," என்றான் லமார்.

சாவியைத் திருகப்போன அவள் கை நின்றது.

"ட்ரேக் திங்கற மீன் என்ன சத்தம் போடும் தெரியுமா? சேத்துல மாட்டின பூட்ஸ உருவற சத்தம். மூப்பரோ முத்தம் குடுக்கற மாதிரி மெல்ல உறிஞ்சிட்டிருந்தாரு. தண்ணியில கால வெச்சதுமே கேட்டுடுச்சு."

"தெரிஞ்சேதான் ட்ரேக்க வீசினியா?"

"நீ ட்ரேக்னு சொன்ன."

"நான் சொன்னா? பொய்யின்னு தெரிஞ்சப்புறம் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே."

"நீயும்தான் சொல்லியிருக்கலாம்."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஆமா, அலுத்துப்போச்சு," என்றாள். "நாலு வருஷமா அலுத்துப்போச்சு. இடுப்பு விட்டுப்போச்சு. அன்னிக்கு நீ மடுவுல போனப்ப, சரி, ரெண்டு பேரும் முடிஞ்சோம்னு நெனச்சேன். நீ என்னடான்னா கம்பக் கேக்கற. எந்தப் பூச்சிக்கு எத்தன வாலுன்னு தெரிஞ்சுக்கணும்னு நான் என்னிக்காவது உன்கிட்ட கேட்டேனா?"

"கேக்கல."

"அப்புறம்?"

"அன்னிக்கு மடுவுலருந்து ஏறினப்ப உன் மூச்சுச் சத்தம் கேட்டேன். வீட்டுக்கு வந்தும் அது அடங்கல. அலுத்துடுச்சான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவ. நானும் நம்பின மாதிரி நடிச்சிட்டு வந்துட்டே இருப்பேன். அதனாலதான் மூப்பர் பேர்ல ஒரு வாக்குக் குடுத்தேன். இத்தன வருஷம் வராதவரு இப்பவா வரப்போறாருன்னு." லமார் முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டான். "இன்னிக்குப் பாத்து அப்படி உறிஞ்சிட்டு நிப்பாருன்னு யாரு கண்டா. ரெண்டாந்தடவ அள்ளிப் பாருன்னேனே, அப்ப எனக்கு பயம். நீ சல்ஃபர்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு."

"ஏன்?"

"புடிச்சிருப்பேன் வெர்னா. புடிச்சிட்டா அப்புறம் கம்ப விட முடியாது என்னால."

கீழே மடுவில் சத்தம் வந்துகொண்டிருந்தது. இப்போது அவளுக்கும் அது கேட்டது. இவ்வளவு நாளும் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை போலிருக்கிறது.

"சல்ஃபர்," என்றாள் வெர்னா. "சட்டை உரிச்சது. துரு நெறம், மூணு வாலு. தண்ணி பூரா அதுதான் கெடக்கு. ரெண்டாவது வரிசையில பூச்சி இருக்கு. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கு லமார். எறங்கு, நான் கட்டித் தரேன்."

அவன் கை கதவுக் கைப்பிடிக்குப் போயிற்று. அவள் அதைப் பார்த்தாள். அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவன் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"வண்டிய எடு," என்றான்.

எடுத்தாள். கிளெனின் வண்டி எப்போதோ போய்விட்டிருந்தது. தீயணைப்புக் கூடத்தில் அண்டாக்களைக் கழுவி வெளியே கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்னாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. சரி, வழியட்டும் என்று விட்டுவிட்டாள். துடைக்கவும் இல்லை. துடைத்தால் கை அசைவு அவன் ஓரக்கண்ணுக்குத் தெரியும், வழிவது எங்கே தெரியப்போகிறது? மூக்கை உறிஞ்சாமல், மூச்சை மெல்ல மெல்ல விட்டு, சாலையைப் பார்த்து ஓட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பும் வளைவில் அவள் பக்கம் ஒரு கை நீண்டது. கையில் கைக்குட்டை. மீன் வாடை அடித்தது.

"மூப்பர் உறிஞ்சறதே கேக்குது எனக்கு," என்றான் லமார். "ஓரமா நிறுத்தி மூக்கச் சிந்து."

அவள் வண்டியை ஓரமாக நிறுத்திச் சிந்தினாள்.